பத்தொன்பது படிகளும் சுகுணாம்மாவும்

ஆட்டோ வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தது. மண்டி மொஹல்லாவில் கடைக் கதவுகள் இன்னும் தூக்கப்படவில்லை. மார்கழிப் பனி சந்துக்குள் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. மேலே மின்கம்பிகள் தெளிவாகத் தெரிந்தன. கீழே என் கால் எனக்குத் தெரியவில்லை. மாடிப்படியின் அடியில், எப்போதும் நிற்கிற இடத்தில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். பனிக்குள்ளிருந்து முதலில் சத்தம் வந்தது, பிறகு விளக்கு, பிறகு ஆட்டோ. வந்து நின்றதும் இர்ஃபான் இன்ஜினை அணைத்தான். அவன் அதை அணைத்து நான் பார்த்ததே இல்லை. சுகுணாம்மா இறங்குவதற்கு எவ்வளவு நேரமானாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்தத் தாளம் தன் காலுக்கு வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். பின் இருக்கையில் அவருக்கென்று போட்டிருந்த மெத்தைத் துண்டு இருந்தது. அவர் இல்லை.

"மேல தொறக்காதீங்க தாத்தா," என்றான் இர்ஃபான். "வீட்டு வாசல்ல ஹாரன் அடிச்சேன். அவங்க தம்பி வெளிய வந்து கைய ஆட்டினாரு. தூக்கத்துலயே போயிட்டாங்களாம்."

சாவி என் இடுப்பில் இருந்தது. அன்று நான் படி ஏறவில்லை. பனி கலைகிற வரைக்கும் இரண்டு பேரும் அந்த ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே நின்றோம்.

இதை எழுதுகிற கை என்னுடையதல்ல. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, சுகுணாம்மா நடத்திய நம் கூடத்துக்கு வருகிற சரசு எழுதுகிறார். கொள்ளேகாலில் பிறந்தவர், இங்கே ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கிறவர். நான் மாதப்பன், கோபிநத்தத்துக்காரன். நாற்பத்தோரு வருடம் இந்த மண்டியில் ஹமாலி வேலை செய்தேன். மூட்டை சுமக்கிறவர்களுக்கு இங்கே அதுதான் பெயர். முதுகு போதும் என்று சொன்ன பிறகு அதே கிடங்குக்குக் காவலாளானேன். கூடத்துக்கு வருகிற உங்களில் பலருக்கு நான் சாவிக்காரத் தாத்தா. எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாதவன் எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே அடுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் சுகுணாம்மாவைப் பற்றி நான் சொல்வதில் தேதி கிடைக்காது. எந்தப் படியில் நின்றுகொண்டு என்ன சொன்னார் என்பது கிடைக்கும்.

அவர் முதன்முதலில் வந்தது ஒரு பிற்பகலில். பாஷா சாயிபுவின் கிடங்கில் அப்போது கீழே வெல்லம் இருந்தது. மேலே காய்ந்த மிளகாய் வைத்திருந்த தளம் காலியாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நூல் புடவை, தோளில் ஒரு துணிப்பை. மேலே ஏறியவர் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை, கூரை ஒழுகுமா என்று கேட்கவில்லை. செருப்பை வாசலில் விட்டார். மிளகாய்த் தூசி படிந்த அந்தச் சிவப்புத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்.

சாயிபு பதறிப்போனார். "மாதப்பா, தண்ணி கொண்டாப்பா! அம்மாவுக்கு மயக்கம் வந்துடுச்சு!"

"மயக்கமில்ல சாயிபு. தரை எப்படி இருக்குன்னு பார்க்கறேன்."

"தரையைப் படுத்துத்தான் பார்க்கணுமா?"

"வேற எப்படிப் பார்க்கறது? இனிமே நாங்க எல்லாரும் படுக்கப்போறது இதுல தானே."

சாயிபு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற சின்னத் திறப்புகள் வழியாக வெயில் கட்டம் கட்டமாக இறங்கி அவர்மேல் விழுந்தது. அவர் மூச்சு விட்டபோதெல்லாம் சிவப்புத் தூசி அந்த வெளிச்சத்துக்குள் ஏறி இறங்கிற்று. சற்று நேரத்தில் உண்மையாகவே தூங்கிவிட்டார். வாடகை பேச வந்த ஒரு பெண் பிள்ளை நடுத்தரையில் தூங்க, இரண்டு கிழவர்கள் இரண்டு பக்கமும் சத்தம் போடாமல் காவல் நின்றோம். அந்த மேல்தளத்தில் நான் சுமந்து இறக்கிய மிளகாய்க்கு அளவில்லை. அதன் தரையை அன்றுதான் பார்த்தேன்.

எழுந்தபோது கூந்தலெல்லாம் சிவப்பு. "நல்ல தரை, சொன்னா கேக்கும்," என்றார். சாயிபு அன்றைக்கே சாவியை என் கையில் கொடுத்து, "இந்தம்மா எப்ப வந்தாலும் தொறந்து விடு. வாதம் பண்ணாதே, என்னால முடியல," என்று கீழே இறங்கிவிட்டார்.

ஊரின் இன்னொரு கோடியில், கண்ணாடி பதித்த பெரிய கூடத்தில், இருபது வருடத்துக்கு மேல் உடற்பயிற்சியும் ஆசனமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். வெளிநாட்டவரும் வருவார்களாம். எண்ணிக்கை சொல்லி, கையை இங்கே, காலை அங்கே என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள் தனக்கே வாய் கசந்துவிட்டது என்றார். "முப்பது பேரும் கண்ணாடியைப் பார்த்துட்டு நிக்கறாங்க அண்ணா. எல்லாரும் கண்ணாடிக்குள்ள இருக்காங்க. வெளிய ஒருத்தரும் இல்ல. யாருக்கு நான் சொல்லித்தர்றது?" அதனால்தான் நம் கூடத்தில் கண்ணாடி கிடையாது. பாட்டு கிடையாது. வாசலில் பலகைகூடக் கிடையாது. பெயர் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம், "வந்து பார்த்துட்டு நீங்களே வைங்க," என்றார். கீழே வெல்லம் இறக்கிய ஹமாலிகள் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள்: மலகோ கிளாஸ். கன்னடத்தில் மலகோ என்றால் படுக்கிற. படுத்துக்கொள்வதற்கு ஒரு வகுப்பா, அதையும் சொல்லித்தர ஓர் ஆளா என்று அவர்கள் சிரித்த சிரிப்பு மாடிக்கே கேட்டது. சுகுணாம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "நீங்களும் வாங்க, உங்களுக்குத்தான் இது ரொம்ப வேணும்," என்றார்.

முதல் வகுப்பை வந்திருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தும், ஆறு பேர் சேர்ந்து படுத்ததும் தரை இடுக்குகளிலிருந்து பழைய மிளகாய் எழுந்துகொண்டது. முதலில் தையல்கார நஞ்சுண்டப்பா தும்மினார். பிறகு சரசு. பிறகு ஆறு பேரும். நிறுத்த முடியவில்லை. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. துடைப்பத்தோடு ஓடினேன். சுகுணாம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அப்படியே இருங்க. அடுத்த தும்மல் வருதில்ல, அது எங்கிருந்து கெளம்புதுன்னு மட்டும் பாருங்க. மூக்குன்னு நெனைச்சிருக்கீங்க. கால் கட்டைவிரலைப் பாருங்க."

நஞ்சுண்டப்பா தும்மிவிட்டு, "அக்கா, நிஜமாவே வெரல் மடங்குது!" என்று கத்தினார். நாற்பது வருடமாகத் தையல் மிஷின்மேல் குனிந்தே இருந்த மனிதர். தன் கால்விரலை அன்று புதிதாகக் கண்டுபிடித்தவர்போல உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சுகுணாம்மா எதையும் செய்து காட்ட மாட்டார். கேட்டால் சொல்வார்: "நான் செஞ்சு காட்டினா நீங்க என் உடம்பைத்தான் செய்வீங்க. உங்க உடம்பை யாரு செய்யறது?" முதல் மாதம் முழுக்கப் படுப்பதும் எழுந்திருப்பதும்தான். அவரவருக்குத் தெரிந்த மாதிரி. பாதிப் பேர் போய்விட்டார்கள். மிச்சப் பேர், கூரைத் திறப்பிலிருந்து இறங்கும் வெளிச்சக் கட்டங்கள் தரையில் நகர்வதுபோல, அவ்வளவு மெதுவாக எழுந்திருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் கீழே வந்து உட்கார்ந்து, ஹமாலிகள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மழை நாளில் லாரிக்குச் சாய்த்த பலகை ஈரமாக இருந்தது. வயசான ஒருவன் மூட்டையோடு ஏறினான். இன்னொருவன் வெறுங்கையோடு அவன் பின்னால் ஏறி, அவன் இடுப்புக்கு மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனான். உச்சிக்குப் போனதும் கையை எடுத்துவிட்டு இறங்கி வந்தான்.

"மாதப்பண்ணா, அவர் ஏன் பின்னாலேர்ந்து தள்றார்?"

"தள்ளறதில்லீங்க அம்மிணி. தள்ளினா மூட்டை முன்னால போயிரும், ஆளும் போயிருவான்."

"அப்போ புடிச்சுக்கறாரா?"

"புடிச்சாலும் ஆகாதுங்க. அவன் கால் கணக்குத் தப்பிப்போகும். சும்மா வெக்கறதுதான். கை வெக்கறதுன்னு சொல்லுவோமுங்க. பின்னால ஆளிருக்குதுன்னு முதுகுக்குத் தெரிஞ்சாப் போதும், காலு தானா ஏறிப்போகும்."

"யார் கைன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நூறு கிலோவை வெச்சுக்கிட்டுக் கழுத்தைத் திருப்பினா அதோட முடிஞ்சுது. திரும்பிப் பார்க்கப்படாது. எறங்குன பொறவும் கேக்கறதில்லீங்க. வழக்கமில்லை."

அவர் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இருபது வருஷம் நான் கத்துக்கொடுத்ததெல்லாம் தள்றதும் புடிக்கறதும்தான் அண்ணா," என்றார். மறுநாள் காலையில் என்னை மேலே கூப்பிட்டுக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். நாற்பத்தோரு வருடத்தில் என் தொழிலைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. வார்த்தை வரவில்லை. "செஞ்சாவது காட்டுங்க. இதை மட்டும் செஞ்சு காட்டலாம்," என்று சொல்லி எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் தயங்கினேன். கண்ட கண்ட மூட்டையைத் தொட்ட கை. முன்னால் நிற்பதோ படித்த பெண். தோள் துண்டை எடுத்து நாலாக மடித்து அவர் முதுகில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கூடத்தின் மறுகோடி வரைக்கும் நடந்தார். அதிலிருந்து நம் கூடத்தில் தினமும் அந்த நடை உண்டு. ஒருவர் கண்ணை மூடி நடப்பார், இன்னொருவர் பின்னால் கை வைத்து வருவார். திரும்பிப் பார்ப்பதில்லை, முடிந்ததும் யார் என்று கேட்பதில்லை.

கூடம் நிறைந்தது. புடவைக் கடை, தையல் கடை, வங்கி, கம்ப்யூட்டர் கம்பெனி என்று நின்று அலுத்தவர்களும் உட்கார்ந்து அலுத்தவர்களும் வந்தார்கள். அப்படி நாலைந்து மழை போன பிறகு, அவர் படியேறுகிற சத்தம் மாறிவிட்டதை நான் கேட்டேன்.

நம் மாடிக்குப் பத்தொன்பது படி. ஒன்பதாவது படி மற்றவற்றைவிட ஒரு விரல் உயரம் கூடுதல். எனக்கு அந்தப் படியை முழங்கால் சொல்லும். அவர் அதில் எப்போதும் ஒரு சின்ன எம்பு எம்புவார். ஒரு நாள் அந்த எம்பு கேட்கவில்லை. மறுநாள் எட்டாவது படியோடு சத்தம் நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வலது கையின் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் தங்களுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தன.

"கால் ஒட்டிக்குது அண்ணா. தரையில கோந்து தடவின மாதிரி. மேலே தூக்குன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குது."

"டாக்டருகிட்டப் போனீங்களா?"

"போனேன். நடுக்குவாதம். கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் எடுத்துக்குமாம்." சிரிக்கப் பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நடக்கக் கத்துத்தர்றவளுக்கே நடை போயிடுச்சுன்னா யார் வருவாங்க? இந்தக் கூடத்தை விட்டா எனக்கு வேற ஒண்ணுமில்ல."

அவருக்குக் கணவர் குழந்தைகள் இல்லை. இங்கே ரயில் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். தம்பி ஒருவர், அவருக்குத் தன் குடும்பம். மிச்சம் இருந்தது அந்தச் சிவப்புத் தரை. நான் சொல்ல மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து எல்லாரும் வருவதற்கு அரைமணி முன்னால் அவர் வருவார். நான் படியடியில் நிற்பேன். துண்டை மடித்து வைத்து, அதன்மேல் கை வைத்துப் பின்னால் ஏறுவேன். மற்றவர்கள் வரும்போது அவர் ஜன்னலோரம் நாற்காலியில் அமர்ந்திருப்பார். இது அவருடைய புதிய முறை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் கேட்டவர்களிடம், "அப்படித்தானுங்க போலிருக்குது," என்று சொல்லி வைத்தேன்.

அடுத்து நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். என்ன பார்த்தோம் என்று அன்றைக்கு உங்களுக்குத் தெரியாது. பதினான்கு பேர் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். சுகுணாம்மா எதையோ சொல்ல நாற்காலியிலிருந்து எழுந்து நடுவுக்கு வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். வலது குதிகால் மட்டும் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது. கை பாதி நீண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த பையன் அவரைப் பார்த்துவிட்டுத் தானும் குதிகாலை உயர்த்திக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்து அடுத்தவர். ஒரு நிமிடத்துக்குள் பதினான்கு பேரும் பதினான்கு இடத்தில் அசையாமல் நின்றார்கள். எதையும் செய்து காட்டாதவர் இன்றைக்குச் செய்து காட்டுகிறார் என்று ஒவ்வொருவருக்கும் ஆனந்தம். கீழே சந்தில் யாரோ வெல்லத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு புறா திறப்பில் வந்து உட்கார்ந்து இத்தனை அசையாத மனிதர்களைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. வெளிச்சக் கட்டம் ஒன்று நஞ்சுண்டப்பாவின் காலிலிருந்து நகர்ந்து சரசுவின் காலுக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு அது கனவுபோல்தான் இருந்தது. ஊரெல்லாம் கல்லாகி, நான் ஒருவன் மட்டும் துடைப்பத்தோடு உயிரோடு நிற்கிற கனவு.

"சரசக்கா," என்று நஞ்சுண்டப்பா உதடு அசையாமல் கேட்டது என் காதில் விழுந்தது. "எவ்ளோ நேரம் இது? கெண்டைக்கால் இழுக்குது."

"ஸ்ஸ். பாடம் நடக்குது. சும்மா நில்லுங்க."

நான் சுகுணாம்மாவின் கண்ணைப் பார்த்தேன். அது என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு நடந்தேன். அந்தக் கூடத்தை அவ்வளவு நீளமாக நான் அறிந்ததில்லை. பின்னால் போய், கையை அவர் முதுகில் வைத்தேன். புடவை நனைந்திருந்தது. உள்ளே இருதயம் அடித்துக்கொண்டது கைக்குத் தெரிந்தது. தள்ளவில்லை, பிடிக்கவில்லை. லாரிப் பலகையில் மூட்டைக்காரன் பின்னால் நிற்கிற மாதிரி நின்றேன். மூச்சு ஒன்று வந்து கைக்கடியில் முட்டிற்று. இன்னொன்று வந்தது. பிறகு கால் எழுந்தது.

அவர் நடந்ததும் பதினான்கு பேரும் நடந்தார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். ஒரு பெண் அழுதாள். இதுபோல் ஒரு வகுப்பு இதுவரை நடந்ததில்லை என்று சொல்லிச் சொல்லி இறங்கிப்போனார்கள். கூடம் காலியான பிறகு சுகுணாம்மா தரையில் உட்கார்ந்தார்.

"இன்னிக்குத் துண்டு எங்க அண்ணா?"

அப்போதுதான் பார்த்தேன். துண்டு ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. "மன்னிச்சுப்போடுங்க அம்மிணி, அவசரத்துல..."

"இத்தனை நாள் துண்டைத்தான் வெச்சீங்க. இன்னிக்குத்தான் கை வெச்சீங்க." சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. "எல்லாரும் கைதட்டிட்டுப் போறாங்க. வாயைத் தொறக்காமலே ஒரு பொய் சொல்லிட்டேன், பாருங்க. நாளைக்கு இதை மூடிடலாம்னு தோணுது."

"மூடறதா இருந்தாலும் நெசத்தைச் சொல்லிப்போட்டு மூடுங்க அம்மிணி," என்றேன். அவருக்கு நான் சொன்ன புத்திமதி அது ஒன்றுதான்.

மறுநாள் சொன்னார். நாற்காலியில் உட்காராமல், நின்றுகொண்டு, நடுங்குகிற கையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டு சொன்னார். நஞ்சுண்டப்பாதான் முதலில் கேட்டார்: "அப்போ நேத்து நாங்க நின்னது?"

"நீங்க நின்னது நெஜம் நஞ்சுண்டப்பா. நான் மாட்டிக்கிட்டதும் நெஜம். பாடம்னு ஒண்ணும் நான் வெக்கல."

"என் கெண்டைக்கால் ராத்திரி பூரா இழுத்துதே அக்கா! முன்னாடியே சொல்லியிருந்தா நான் உக்காந்திருப்பேனே," என்றார் அவர். சுகுணாம்மா முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் சரசு எழுந்து போய் அவர் பின்னால் நின்று கை வைத்தார். (இதை எழுத மாட்டேன் என்கிறார் சரசு. எழுது என்று சொல்லியிருக்கிறேன்.) ஆனாலும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த வாரமே ஆறு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவர், நோயாளியிடம் என்ன கற்றுக்கொள்வது என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். பல நாள் நாலைந்து பேரோடுதான் கூடம் நடந்தது. அந்த நாட்களில் அவர் தரையில் படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பேன்.

பிறகு வேறு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர், விழுந்து எழுந்த பிறகு பயத்தில் வீட்டைவிட்டு வெளியே வராதவர், அவரைப்போலவே கை ஆடுகிறவர்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியாது. மற்ற இடங்களில் இவர்களை ஓரமாக உட்கார வைப்பார்களாம். இங்கே எல்லாருக்கும் முன்னால் ஒருவர் நின்றுபோகலாம். பின்னால் ஒரு கை வரும். "நின்னுபோனா நின்னுபோனதுதான். அதுக்காக ஏன் அவமானப்படணும்? பஸ் நிக்கறதில்லயா?" என்பார் சுகுணாம்மா.

கடைசி வருடத்தில் படியேறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நூறு கிலோ மூட்டையை ஏத்துன முதுகுங்க இது. நீங்க நாப்பத்தஞ்சு கிலோ இருப்பீங்களா? சொல்லுங்க, ஒரே தூக்கு," என்றேன்.

"பேடா, வேண்டாம் அண்ணா, என்னை மூட்டையாக்கிடாதீங்க. உங்களுக்கும் எழுபத்தெட்டு ஆச்சு. ரெண்டு பேரும் உருண்டா சாயிபு வெல்லத்துல போய்த்தான் விழுவோம்."

பத்தாவது படியில் உட்கார்ந்துவிட்டார். வகுப்பு நேரம் வந்துவிட்டது. ஆட்கள் வந்தார்கள். கீழே நின்றவர்கள் கீழே, எங்களைத் தாண்டி ஏறிப்போனவர்கள் மேலே, ஒரு படிக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். அவர் அங்கேயே ஆரம்பித்துவிட்டார். முதுகு சுவரில் எங்கே படுகிறது என்று பார்க்கச் சொன்னார். கீழிருந்து வெல்ல வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது. பத்தொன்பது பேர் ஒரே மூச்சாக விடுவது, அந்தக் குறுகிய படிக்கட்டுக்குள், கிடங்கே தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் கேட்டது. அதற்குப் பிறகு பல வகுப்புகள் படியிலேயே நடந்தன. வெல்லம் இறக்கிய ஹமாலிகள் வேலையை நிறுத்தி வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். மலகோ கிளாஸ் என்று பெயர் வைத்தவனும் அவர்களில் இருந்தான்.

அவர் போன அன்று தம்பி வீட்டார் நான்கு பேர் தூக்கினார்கள். வயதானவன் என்று என்னை விடவில்லை. நான்கு பேரின் நடையும் நான்கு விதமாக இருந்தது. சுகுணாம்மா பார்த்திருந்தால், அவரவர் நடை அவரவருக்கு என்று விட்டிருப்பார். நானும் விட்டுவிட்டேன்.

பத்து நாள் கூடம் பூட்டியே இருந்தது. மேல்தளத்தை என்ன செய்வது என்று சாயிபு கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பதினோராம் நாள் காலையில் தூக்கம் வராமல் வழக்கமான நேரத்துக்குப் போனேன். பனி இருந்தது. அதற்குள் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லி வரவில்லை. நஞ்சுண்டப்பா, சரசு, ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு இர்ஃபான், கோலோடு இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர். முதல் படியில் யாரும் கால் வைக்கவில்லை. சாவி என்னிடம் இருந்ததால் நான்தான் முதலில் ஏற வேண்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன என்று கேட்டால், இந்த உள்ளங்கையைச் சொல்வேன். நாற்பத்தோரு வருடம் மூட்டை எடுத்துக் காய்ந்துபோன கை. இதற்குள் ஒருவருடைய மூச்சு வந்து முட்டியதையும், பிறகு கால் எழுந்ததையும் நான் வைத்திருக்கிறேன். என் தொழிலில் நான் கற்றது அவ்வளவுதான். அதுவே போதும், அதற்குப் பெயர் வித்தைதான் என்று சொன்ன ஒரே ஆள் அவர்.

அன்று எட்டுப் படி ஏறினேன். ஒன்பதாவதில் என் கால் நின்றுவிட்டது. முழங்காலா, வேறு எதுவா, சொல்லத் தெரியவில்லை. தூக்கு என்றேன், அது கேட்கவில்லை. மேலே கதவு பூட்டியிருந்தது. எனக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்க ஆள் நின்றது. பனியும் கூடவே உள்ளே ஏறி வந்திருந்தது. நடுமுதுகில் ஒரு கை வந்து அமர்ந்தது. தள்ளவில்லை. பிடிக்கவில்லை. துண்டு எதுவும் இடையில் இல்லை.

யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே போய்ப் பூட்டைத் திறந்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். வெளிச்சம் இறங்கி, தரையில் அதனதன் கட்டத்தில் படுத்துக்கொண்டது. இன்றுவரைக்கும் நான் கேட்கவில்லை. வழக்கமில்லை.